ஆய்வேட்டின் ஓர் அத்தியாயத்தை ஆய்விதழுக்கு அனுப்பும் முன்

கொழும்பில் அரசறிவியல் முதுமாணி முடித்த பிள்ளைகள் என்னிடம் கொண்டு வரும் கட்டுரை வரைவுகளில் முக்கால்வாசி ஒரே மாதிரித்தான் தொடங்கும். 1948 இல் சுதந்திரம், 1956 இல் தனிச் சிங்களச் சட்டம், 1957 இல் பண்டா-செல்வா ஒப்பந்தம், பிறகு 1972, 1978 அரசியலமைப்புகள். ஆறாம் பக்கம் வரைக்கும் ஆய்வுக் கேள்வி வராது. ஆய்விதழ் ஆசிரியர் அதுவரை பொறுத்திருக்க மாட்டார். கட்டுரையை மதிப்பிடும் நடுவர்களுக்கு அனுப்பாமலே திருப்பிவிடுவார். "என்ட இங்கிலிஷ்தான் பிழை போல, மிஸ்" என்று பிள்ளைகள் சோர்ந்து போவார்கள். ஆங்கிலத்தைத் திருத்த ஆள் கிடைக்கும். கேள்வியை நீங்கள்தான் முன்னுக்குக் கொண்டு வரவேண்டும்.

வட மாகாண சபையைப் பற்றி ஓர் அத்தியாயம் கையில் இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். 2013 செப்ரெம்பரில் தேர்தல், 2018 ஒக்ரோபரில் பதவிக்காலம் முடிவு என்று கதையாகச் சொன்னால் அது இலங்கையில் அக்கறை உள்ளவருக்கு மட்டும். அரசியலமைப்பின் 154ஏச் உறுப்புரையை எடுத்துப் பாருங்கள். சபை நிறைவேற்றிய நியதிச்சட்டம் ஆளுநரின் சம்மதத்துக்குப் போகவேண்டும். அவர் ஒருமுறை திருப்பி அனுப்பலாம். சபை மறுபடி நிறைவேற்றினால், உயர் நீதிமன்றத்துக்கு ஆற்றுப்படுத்தும்படி சனாதிபதிக்கு ஒதுக்கி வைக்கலாம். அந்த ஆளுநரை நியமிப்பவரும் சனாதிபதிதான். இங்கே ஒரு கேள்வி பிறக்கிறது: மத்திய அரசு நியமிக்கும் ஒருவரின் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டிய சபை, எப்படிப்பட்ட சட்டங்களை எழுதாமலே விட்டுவிடுகிறது? இந்தக் கேள்வியை இந்திய மாநிலங்களைப் படிப்பவரும் வாசிப்பார். அதை முதற் பந்தியிலேயே வையுங்கள். அடுத்த பந்தியில் உங்கள் விடையை இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள், கடைசிவரை ஒளித்து வைக்க இது துப்பறியும் நாவல் இல்லை. வரலாற்றுப் பின்னணிக்கு ஒரு பக்கம் தாராளம்.

இனி ஆதாரம். நம் பிள்ளைகளின் பலம் இங்கேதான் இருக்கிறது, அவர்களே அதைக் குறைத்து மதிப்பிடுவது எனக்கு வருத்தம். மாகாண சபை அமர்வுகள் தமிழில் நடந்தன. நாடாளுமன்ற விவாதங்களின் அதிகாரபூர்வப் பதிவான ஹன்சார்ட்டில் தமிழ் உரைகள் தமிழிலேயே அச்சாகின்றன. ஆங்கிலத்தை மட்டும் வைத்து எழுதுபவரால் அவற்றைத் தொட முடியாது. மேற்கோள் எடுக்கும்போது திகதியையும் பத்தி எண்ணையும் அந்த நேரமே குறித்துக்கொள்ளுங்கள், தமிழ் மூலத்தையும் அப்படியே தட்டச்சு செய்து வையுங்கள். மொழிபெயர்ப்பு உங்களுடையது என்று கட்டுரையில் ஒரு குறிப்பும் வேண்டும். பழைய வீரகேசரி, தினகரன் பத்திரிகைகளைப் பார்க்க பிலிப் குணவர்தன மாவத்தையில் உள்ள தேசிய சுவடிக்கூடத்துக்குப் போங்கள்; போகுமுன் இலங்கைத் தமிழ் ஆவணங்களை மின்வடிவில் வைத்திருக்கும் ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் ஒருமுறை தேடிவிடுங்கள்.

அரச ஆவணம் கிடைக்கவில்லையென்றால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. விண்ணப்பத்தைத் தமிழிலேயே கொடுக்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. "மாகாணத்துக்கு நிதி ஏன் தாமதமாகியது?" என்று கேட்டால் பதில் வராது. இன்ன ஆண்டில் இன்ன தலைப்பின் கீழ் விடுவித்த தொகையும் திகதியும் உள்ள ஆவணத்தின் பிரதி என்று கேளுங்கள். கையளித்ததற்கு எழுத்தில் அத்தாட்சி வாங்குங்கள், அந்தத் திகதியிலிருந்துதான் நாள் எண்ணவேண்டும். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். மறுத்தாலோ மௌனமாக இருந்தாலோ அடுத்த 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தில் மேன்முறையீட்டுக்கெனக் குறிக்கப்பட்ட அலுவலருக்கு எழுதுங்கள், அதற்குப் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு.

நேர்காணல் செய்திருந்தால், பல்கலைக்கழக அறநெறிக் குழுவின் அனுமதி நேர்காணலுக்கு முதல் வாங்கியதாக இருக்கவேண்டும். பெயரை மாற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள். "முல்லைத்தீவில் இன்ன கிராமத்து மாதர் சங்கத் தலைவி, 52 வயது" என்று எழுதினால் ஊரில் எல்லோருக்கும் ஆள் யாரென்று விளங்கும். வயதை எடுங்கள், கிராமத்தை மாவட்டமாக்குங்கள், பதவியைப் பொதுவாகச் சொல்லுங்கள். கட்டுரை கொஞ்சம் மெலியும். மெலியட்டும். உங்களை நம்பி வீட்டுக்குள் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தவருக்கு உங்கள் கட்டுரையால் ஒரு விசாரணை வரக்கூடாது.

ஆய்விதழைத் தேர்வது சுலபம்: உங்கள் உசாத்துணைப் பட்டியலில் எந்த இதழ் திரும்பத் திரும்ப வருகிறதோ அதுதான் உங்கள் இடம். ஒரு நேரத்தில் ஓர் இதழுக்குத்தான் அனுப்பலாம். பெயர் மறைத்த மதிப்பீடு என்றால் நன்றியுரையை எடுங்கள், கோப்பின் விவரங்களில் ஒளிந்திருக்கும் உங்கள் பெயரையும் அழியுங்கள். ஒரு வாரத்தில் பிரசுரிக்கிறோம், இத்தனை டொலர் கட்டுங்கள் என்று தானாக வரும் மின்னஞ்சலுக்குப் பதிலே போடாதீர்கள். வேலைக்கும் பதவி உயர்வுக்கும் அவசரப்பட்டு அதில் காசைக் கொட்டியவர்களின் நல்ல தரவுகள் இன்று யாரும் வாசிக்காத இடத்தில் கிடக்கின்றன. எனக்கு அதில்தான் கோபம்.

நடுவர் குறிப்புகள் வர மாதக்கணக்காகும். "திருத்தி மீண்டும் அனுப்புக" என்று வந்தால் அது நல்ல செய்தி. இரண்டு நாள் தள்ளி வைத்துவிட்டு ஓர் அட்டவணை போடுங்கள்: ஒரு பக்கம் நடுவர் சொன்னது, மறுபக்கம் நீங்கள் செய்தது, எந்தப் பக்கத்தில் என்றும். உடன்படாத இடத்தில் ஆதாரத்தோடு மறுக்கலாம், அதற்காகவே கட்டுரை நிராகரிக்கப்படாது.

ஏற்றுக்கொண்டதும் வரும் உரிமை ஒப்பந்தத்தில் மொழிபெயர்ப்பு உரிமை யாருக்கு என்று பாருங்கள். பெரும்பாலும் பதிப்பாளருக்குப் போய்விடும். கையெழுத்துக்கு முதலே, தமிழில் வெளியிட அனுமதி கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தமிழில் பேசிய சபையைப் பற்றிய கட்டுரை, அதற்கு வாக்களித்தவர்களும் வாசிக்கக்கூடியதாக இருக்கவேண்டும்.