நெபுலா வகைகள்: வானில் தேடிப் பார்ப்பது எப்படி?

முதன்முதலாக டெலஸ்கோப்பில் நெபுலா பார்த்தபோது, ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸில்) ஆவி படிந்துவிட்டது என்று நினைத்துத் துணி எடுத்துத் துடைத்தேன். இரண்டு முறை துடைத்தும் மங்கல் அதே இடத்தில் இருந்தது. தேடி வந்ததே அந்த மங்கலைத்தான் என்று அப்புறம்தான் உறைத்தது. சிவப்பும் நீலமுமான புகைப்படங்களைப் பார்த்துவிட்டு வருகிற எல்லோருக்கும் இது நேரும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கண்ணுக்கு நெபுலா சாம்பல் நிறம். நன்றாகப் பிரகாசிப்பதாக இருந்தால் லேசாகப் பச்சை தட்டும். அவ்வளவுதான்.

நட்சத்திரங்களுக்கு இடையே கிடக்கும் வாயுவும் தூசியும்தான் நெபுலா. வகைகளின் பெயரை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒவ்வொன்றையும் பார்க்கும்போது, "இந்த ஒளி எங்கிருந்து வருகிறது?" என்று கேளுங்கள். விடை மாறினால் வகையும் மாறும்.

படி 1: கண்ணைப் பழக்குங்கள்

அமாவாசையை ஒட்டிய நாட்களில், தெருவிளக்கு எட்டாத இடத்துக்குப் போங்கள். கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். நடுவில் ஒரு தடவை செல்போன் திரையைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். வெளிச்சம் தேவையென்றால் டார்ச்சில் சிவப்புத் தாள் கட்டிக்கொள்ளுங்கள்.

இன்னொரு பழக்கமும் வேண்டும். மங்கலான பொருளை நேராகப் பார்க்காமல், அதற்குச் சற்றுப் பக்கத்தில் பார்வையை வையுங்கள். மங்கிய ஒளியை உணரும் செல்கள் விழித்திரையின் நடுவில் இல்லை, சுற்றிலும்தான் இருக்கின்றன. அந்தச் செல்களுக்கு நிறம் தெரியாது. சாம்பலாகத் தெரிவதற்கும் அதுதான் காரணம்.

கருவி? 7x50 அல்லது 10x50 பைனாகுலர் தொடங்குவதற்குப் போதும் (முதல் எண் உருப்பெருக்கம், இரண்டாவது முன் லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில்). முழங்கையை எதிலாவது ஊன்றிக்கொள்ளுங்கள். கை நடுங்கினால் பாதி காட்சி போய்விடும்.

படி 2: ஓரியனின் வாள்

டிசம்பர் முதல் மார்ச் வரை மாலை நேரத்தில் வானில் மூன்று நட்சத்திரங்கள் ஒரே வரிசையில் நிற்கும். திருவாதிரை என்கிற செம்மஞ்சள் நட்சத்திரம் இருக்கிற அதே ஓரியன் கூட்டம்தான் இது. அந்த மூன்றும் வேட்டைக்காரனின் இடுப்புப்பட்டை. அதிலிருந்து வாள்போலத் தொங்கும் சிறு வரிசையின் நடுவில் இருக்கும் 'நட்சத்திரத்தை' உற்றுப் பாருங்கள். புள்ளியாக இல்லாமல் கொஞ்சம் கலங்கித் தெரியும். பைனாகுலரில் அது ஒரு மேகத் துண்டாகவே விரியும். இதுதான் எம்42, ஓரியன் நெபுலா. தூரம் சுமார் 1,300 ஒளியாண்டு.

சிறிய டெலஸ்கோப் இருந்தால் நடுவில் நான்கு நட்சத்திரங்கள் நெருக்கமாக நிற்பதைக் காணலாம். அவற்றில் மிகச் சூடான ஒன்றுதான் மொத்த மேகத்தையும் எரியவிடுகிறது என்று சொல்லலாம். அதிலிருந்து வரும் புற ஊதாக் கதிர்கள் ஹைட்ரஜன் அணுக்களிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெறிகின்றன. பிய்ந்த எலக்ட்ரான் மறுபடி அணுவோடு சேரும்போது ஒளி வெளிவருகிறது. அதாவது, வாயுவே ஒளிர்கிறது. இதற்குப் பெயர் உமிழ்வு நெபுலா.

ஹைட்ரஜன் உமிழும் முக்கியமான நிறம் 656 நானோமீட்டர் சிவப்பு. இருட்டில் நம் கண் இந்தச் சிவப்பைக் கிட்டத்தட்ட உணர்வதே இல்லை. கேமராவுக்கு அந்தக் குறை கிடையாது. செல்போனை ஸ்டாண்டில் பொருத்தி, பத்து விநாடி எக்ஸ்போஷர் வைத்து வாளைப் படமெடுத்துப் பாருங்கள். நடுவில் மெல்லிய இளஞ்சிவப்பு தெரிந்தாலும் தெரியலாம்.

முதல் இரவில் இந்த ஒன்றை மட்டும் அரை மணி நேரம் பார்த்துவிட்டுத் திரும்புங்கள் என்பேன். பத்து நெபுலாவை அவசரமாகத் தேடுவதைவிட இது நல்லது. பார்க்கப் பார்க்க விளிம்புகள் நீண்டுகொண்டே போகும். மேகம் அப்படியேதான் இருக்கிறது, உங்கள் கண்தான் தேறிக்கொண்டு வருகிறது.

படி 3: கார்த்திகையைச் சுற்றி

அதே மாதங்களில், அதே வானில், ஆறு மீன்கள் கொத்தாக நிற்கும் கார்த்திகை. தூரம் சுமார் 440 ஒளியாண்டு. அந்த நீல நட்சத்திரங்களைச் சுற்றி மெல்லிய தூசி படர்ந்திருக்கிறது. வாயுவை ஒளிர வைக்கும் அளவுக்கு அவற்றில் சூடு இல்லை. தூசி அவற்றின் ஒளியைச் சிதறடித்து நம் பக்கம் திருப்பிவிடுகிறது, அவ்வளவே. இது எதிரொளிப்பு நெபுலா. நீல ஒளி அதிகம் சிதறுவதால் படங்களில் நீலமாக விழும். 1912-இல் வெஸ்டோ ஸ்லைஃபர் இந்த மங்கலின் நிறமாலையை (ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த பட்டையை) எடுத்தபோது, அது பக்கத்து நட்சத்திரங்களின் நிறமாலையைப் போலவே இருந்தது. கடன் வாங்கிய ஒளி என்பது அப்படித்தான் தெரிந்தது. ஒரு வேடிக்கை என்னவென்றால், அந்தத் தூசி கார்த்திகை பிறந்த மேகத்தின் மிச்சம்கூட இல்லை. நட்சத்திரங்கள் தற்செயலாக அதன் வழியே போய்க்கொண்டிருக்கின்றன.

இதைக் கண்ணால் பார்ப்பது கடினம். லென்ஸில் பனி படிந்தாலும் அச்சு அசலாக இதே மாதிரிதான் தெரியும். சந்தேகம் வந்தால் பக்கத்தில் ரோகிணியை ஒட்டி 'வி' வடிவில் இருக்கும் நட்சத்திரங்களுக்குக் கருவியைத் திருப்புங்கள். அவற்றைச் சுற்றியும் அதே மங்கல் இருந்தால், நீங்கள் பார்த்தது பனியைத்தான்!

படி 4: ஒளியே இல்லாத மேகம்

இருண்ட நெபுலாவுக்குக் கருவியே வேண்டாம். ஜூலை முதல் அக்டோபர் வரை, நல்ல இருட்டில் பால்வெளியைப் பாருங்கள். சிக்னஸ் கூட்டத்திலிருந்து கீழே, யாரோ கத்தியால் கீறியதுபோல அது இரண்டாகப் பிளந்து போகும். அங்கே நட்சத்திரம் இல்லாமல் இல்லை. நடுவில் நிற்கும் தூசி மறைக்கிறது. தெற்கு வானம் நன்றாகத் தெரிகிற இடமென்றால், ஏப்ரல் முதல் ஜூன் வரை தெற்குச் சிலுவைக்குப் பக்கத்தில் 'கரிமூட்டை' என்கிற கரும் திட்டையும் பார்க்கலாம்.

புகழ்பெற்ற குதிரைத்தலை நெபுலாவும் இந்த வகைதான். ஆனால் அதன் பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம். பெரிய டெலஸ்கோப்பும் அனுபவமும் இருப்பவர்களையே அது திணறடிக்கும்.

படி 5: சாகும் நட்சத்திரத்தின் வளையம்

இதற்கு டெலஸ்கோப் வேண்டும். ஜூலை முதல் அக்டோபர் வரை, மாலையில் அபிஜித் (வேகா) நட்சத்திரத்தைப் பிடியுங்கள். அதை ஒட்டி ஒரு சிறு இணைகரம் இருக்கும். அதில் அபிஜித்துக்கு எதிர்ப்பக்கம் உள்ள இரண்டு நட்சத்திரங்களுக்கு நடுவே குறி வையுங்கள். குறைந்த உருப்பெருக்கத்தில் சற்றுத் தடித்த நட்சத்திரம்போல ஒன்று தெரியும். 100 மடங்குக்கு ஏற்றினால் புகை வளையமாக மாறும். இதுதான் எம்57.

இந்த வகைக்குக் கோள் நெபுலா என்று பெயர். கோளுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. டெலஸ்கோப்பில் கோள்போல வட்டமாகத் தெரிகிறது என்று வில்லியம் ஹெர்ஷல் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. உண்மையில் இது சூரியனைப் போன்ற ஒரு நட்சத்திரம் கடைசிக் காலத்தில் உதறிவிட்ட வெளி அடுக்குகள். நடுவில் மிஞ்சிய உள்ளகம் 1,00,000 டிகிரிக்கு மேல் சூடாக இருந்து வாயுவை ஒளிரச் செய்கிறது. நம் சூரியனுக்கும் இன்னும் சுமார் 500 கோடி ஆண்டுகளில் இந்தக் கதிதான்.

1864-இல் வில்லியம் ஹக்கின்ஸ் இப்படியொரு நெபுலாவின் ஒளியைப் பிரித்துப் பார்த்தார். தெரிந்த எந்தத் தனிமத்துக்கும் பொருந்தாத பச்சைக் கோடுகள் வந்தன. புதுத் தனிமம் என்று முடிவு கட்டி 'நெபுலியம்' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். 1927-இல்தான் ஐரா போவன், அது இரண்டு எலக்ட்ரானை இழந்த ஆக்சிஜன் என்று காட்டினார். வாயு மிக மெலிந்து கிடந்தால்தான் ஆக்சிஜன் அந்தப் பச்சையைத் தரும். ஓ-3 ஃபில்டர் என்று விற்பது அந்தப் பச்சையை மட்டும் விடும் கண்ணாடிதான். எது நட்சத்திரம், எது கோள் நெபுலா என்று குழம்பினால் ஐபீஸுக்கும் கண்ணுக்கும் நடுவே ஃபில்டரை வைத்து எடுத்துப் பாருங்கள். நட்சத்திரங்கள் மங்கிப்போகும், நெபுலா மட்டும் நிற்கும். கார்த்திகைத் தூசிக்கு இந்த ஃபில்டர் உதவாது. ஏன் என்று படி 3-இலிருந்து நீங்களே சொல்லிவிடலாம்.

படி 6: வெடிப்பின் மிச்சம்

ரிஷபத்தின் கொம்பு நுனியில் இருக்கும் இரண்டு நட்சத்திரங்களில் மங்கலானதற்குப் பக்கத்தில் எம்1, நண்டு நெபுலா. 1054-இல் சீன வானியலாளர்கள் அங்கே ஒரு புது நட்சத்திரத்தைப் பதிவு செய்தார்கள். 23 நாள் பகலிலேயே தெரிந்ததாம். அது ஒரு சூப்பர்நோவா, அதாவது வெடித்துச் சிதறிய நட்சத்திரம். அதன் எச்சம்தான் இது. இங்கே ஒளியின் கதை வேறு: நடுவில் விநாடிக்கு 30 முறை சுழலும் நியூட்ரான் நட்சத்திரம் (வெடித்த நட்சத்திரத்தின் நெருங்கிச் சுருங்கிய உள்ளகம்) எலக்ட்ரான்களை விரட்ட, அவை காந்தப்புலத்தில் சுருண்டோடும்போது ஒளி விடுகின்றன. 1758-இல் வால்மீன் தேடிக்கொண்டிருந்த சார்லஸ் மெஸ்ஸியே இதைப் பார்த்துக் குழம்பினார். இனி ஏமாறக் கூடாது என்று அவர் தொடங்கிய பட்டியலில் முதல் எண் இதற்குத்தான். 'எம்' எல்லாம் அவர் பெயரின் முதலெழுத்து. உள்ளதைச் சொன்னால், சிறிய டெலஸ்கோப்பில் இது நீள்வட்டமான ஒரு கறை மட்டுமே.

படி 7: ஒரு பரீட்சை

தனுசு கூட்டத்தின் பிரகாசமான நட்சத்திரங்கள் ஒரு கெட்டில்போல நிற்கும். ஜூலை, ஆகஸ்ட் மாலைகளில் அதன் மூக்கிலிருந்து ஆவி கிளம்பும் திசையில் பைனாகுலரை நகர்த்துங்கள். முதலில் எம்8 என்கிற நீண்ட மங்கல் வரும். அதற்கு வடக்கே ஒன்றரை டிகிரிக்குள் எம்20 இருக்கிறது, கொஞ்சம் சிறியது. எம்20-க்கு டெலஸ்கோப்பைத் திருப்புங்கள். அதற்குள் ஒளிரும் வாயு, ஒளியைச் சிதறடிக்கும் தூசி, மறைக்கும் கரும் பட்டைகள் மூன்றும் சேர்ந்தே இருக்கின்றன. எந்தப் பகுதி எது என்று ஒரு தாளில் பென்சிலால் வரைந்து குறியுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு ஒரு வண்ணப் படத்தை எடுத்து வைத்துச் சரிபாருங்கள்: சிவப்பு உமிழ்வு, நீலம் எதிரொளிப்பு, கறுப்பு தூசி.