கடைக்கு வெப்சைட் செய்கிறீர்களா? போனில் தெரியும் முதல் திரையை முதலில் சரி பண்ணுங்கள்

என் அக்கா பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் பிளவுஸ் தையல் கடை வைத்திருக்கிறாள். ஆரி வேலைதான் அவள் பலம். போன தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பு கடைக்கு நான் ஒரு வெப்சைட் செய்து கொடுத்தேன். மேலே மூன்று படங்கள் மாறி மாறி ஓடும், இணையத்தில் வாங்கிய மாடல் படம், "உங்கள் கனவுகளுக்கு வடிவம் தருகிறோம்" என்று பெரிய எழுத்து. அக்கா போனில் பார்த்துவிட்டு, "நல்லாத்தான்டா கீது, ஆனா நம்ம கடைன்னு எங்கடா போட்டிருக்கே?" என்றாள். அந்தக் கேள்விக்குப் பதிலாக மொத்தத்தையும் மறுபடி செய்தேன், அதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். டொமைன் வாங்குவது, வேர்ட்பிரஸ் நிறுவுவது இதெல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: பேப்பரில் ஒரு போன் வரையுங்கள்

லேப்டாப்பைத் திறக்க வேண்டாம். போன் அளவுக்கு ஒரு கட்டம் போட்டு, அதற்குள் நான்கே விஷயம் வையுங்கள்: என்ன செய்கிறீர்கள், எங்கே இருக்கிறீர்கள், உங்கள் வேலையின் ஒரு படம், தொடர்புக்கு ஒரு பட்டன். விரலால் தள்ளாமலே இந்த நான்கும் தெரிய வேண்டும். எங்கள் தலைப்பு இப்போது "பிளவுஸ் தையல், ஆரி வேலை, பழைய வண்ணாரப்பேட்டை". அதன் கீழே சின்னதாக "தியாகராயா கல்லூரி மெட்ரோவிலிருந்து நடந்தே வரலாம்". 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்ட பிறகு திருவொற்றியூர்ப் பக்கமிருந்து வருகிறவர்கள் பஸ் நம்பரைக் கேட்பதில்லை, எந்த ஸ்டேஷனில் இறங்குவது என்றுதான் கேட்கிறார்கள். அதனால் கடைப் பெயரைவிட இந்த வரிக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

ஊர்ப் பெயரை வண்ணாரப்பேட்டை என்றும் வாஷர்மென்பேட் என்றும் பக்கத்தில் ஒரு இடத்திலாவது எழுதுங்கள், ஆட்கள் இரண்டு விதமாகவும் தேடுவார்கள். பழையதா புதியதா என்பதையும் விடாதீர்கள். இல்லையென்றால் ஆட்டோ வேறு எங்கோ போய் நிற்கும்.

படி 2: படத்தை நீங்களே எடுங்கள்

வாங்கிய மாடல் படம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வேண்டாம். அதே படத்தை இன்னும் பத்துக் கடை போட்டிருக்கும். ஆரி ஃபிரேமில் துணியை இழுத்துக் கட்டி, பாதி முடிந்த கழுத்து வேலையும் பக்கத்தில் மணிக் கிண்ணமும் அக்காவின் கையும் தெரிகிற மாதிரி, காலை வெளிச்சத்தில் கடை வாசலில் வைத்துப் போனிலேயே எடுத்தேன். டியூப் லைட்டில் எடுத்தால் ஜரிகை வெளுத்துப்போகிறது. "இந்தக் கை வேலை யாருது, நீங்களே போடறதா?" என்று கேட்டுக்கொண்டே வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

படி 3: அந்தப் படம் உடனே வரவேண்டும்

நான் ஒரு வாரம் மாட்டிக்கொண்ட இடம் இது, அதனால் பொறுமையாகச் சொல்கிறேன்.

போன் எடுத்த படம் கிட்டத்தட்ட 5 எம்பி. அதை ஸ்கூஷ் (Squoosh) என்ற கருவியில் போட்டேன். பிரவுசரிலேயே ஓடும், எதையும் நிறுவ வேண்டாம், இலவசம். படம் சுருக்குவதற்கு வேறு எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அகலம் 1200 பிக்சல், வெப்பி (WebP) வடிவம், தரம் 75 என்று வைத்ததும் 140 கேபிக்கு வந்துவிட்டது. ஆனாலும் அக்காவின் போனில் முதல் திரை ஐந்தாறு விநாடி வெள்ளையாகவே நின்றது. ஹோஸ்டிங்தான் மோசம் என்று நினைத்து அதை மாற்றினேன். அப்போதும் அப்படியே.

கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் முகவரியைக் கொடுத்து மொபைல் பக்கத்தைப் பார்த்தபோதுதான் புரிந்தது. அதில் எல்சிபி என்று ஒரு அளவு வரும், திரையில் இருக்கிற பெரிய படமோ எழுத்தோ தெரிய எவ்வளவு நேரம் ஆகிறது என்பது. 2.5 விநாடிக்குள் இருந்தால் நல்லது. எனக்கு 7 காட்டியது. காரணம் இரண்டு. ஒன்று, வேகப்படுத்துவதற்கென்று நான் போட்டிருந்த பிளகின் எல்லாப் படங்களுக்கும் 'லேசி லோட்' வைத்திருந்தது. அதாவது கண்ணுக்கு எட்டும்போதுதான் படத்தை இறக்கும். கீழே இருக்கிற படங்களுக்கு அது நல்லது, முதல் படத்துக்கு அது தாமதம்தான். வேர்ட்பிரஸ் 5.9-லிருந்து தானாகவே முதல் படத்தை இதிலிருந்து விட்டுவிடுகிறது, பிளகின் அதை மீறிவிட்டது. இரண்டாவது, அந்த ஓடும் படங்கள், அதாவது ஸ்லைடர். ஸ்லைடரின் ஜாவாஸ்கிரிப்ட் வந்து இறங்கி வேலை செய்த பிறகுதான் இப்படி ஒரு படம் இருக்கிறது என்றே பிரவுசருக்குத் தெரியும்.

ஸ்லைடரைத் தூக்கினேன். அதே இடத்தில் சாதாரணப் படமாக ஒன்றை மட்டும் வைத்தேன், பிளகின் அமைப்பில் 'முதல் படத்தைத் தவிர்' என்பதைத் தேர்வு செய்தேன், அந்தப் படத்துக்கு 'ஃபெட்ச்பிரயாரிட்டி ஹை' (இதை முதலில் இறக்கு என்று பிரவுசருக்குச் சொல்வது) என்ற குறிப்பும் சேர்த்தேன். 2 விநாடிக்கு வந்தது. சிறு கடைக்கு ஸ்லைடர் வேண்டவே வேண்டாம். இரண்டாவது படம் வரும்வரை யாரும் காத்திருக்க மாட்டார்கள், அக்காவின் நல்ல வேலையெல்லாம் மூன்றாவது படத்தில்தான் இருந்தது.

படி 4: தமிழ் எழுத்து

ஆங்கிலத்துக்காகச் செய்த தீம்களில் தலைப்புக்கு எழுத்து இடைவெளியைக் குறைத்து வைத்திருப்பார்கள். தமிழில் அதனால் கொம்பும் துணைக்காலும் பக்கத்து எழுத்தின் மேல் ஏறும். இடைவெளியைப் பூஜ்யமாக்குங்கள். வரி உயரம் 1.6 வையுங்கள். எழுத்துரு முக்தா மலர் அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ், என் விருப்பம் முக்தா மலர். ரொம்பத் தடிமன் வேண்டாம். 360 பிக்சல் அகலத் திரையில் நீளமான தமிழ்ச் சொல் விளிம்பைத் தாண்டிப் போகும் என்பதால் தலைப்பை 28 பிக்சலுக்கு மேல் நான் ஏற்றுவதில்லை.

நோட்டீஸ் அடித்த பிரஸ்ஸிலிருந்து வாங்கிய வாசகத்தை அப்படியே ஒட்டாதீர்கள். அது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் இருந்தால் வெப்சைட்டில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள்.

படி 5: பட்டன்

"மேலும் அறிய" என்று போட்டால் யாரும் தொடமாட்டார்கள். "பிளவுஸ் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி விலை கேளுங்கள்" என்று போட்டோம், வருகிற விசாரணையில் பெரும்பகுதி இப்போது அப்படித்தான் வருகிறது. வாட்ஸ்அப் சுட்டியில் எண்ணை 91-இல் தொடங்கி முழுதாக எழுதுங்கள், கூட்டல் குறி, முன்னால் பூஜ்யம், இடையில் வெற்றிடம் எதுவும் வேண்டாம். இதில் ஒன்று இருந்தால்கூடச் சில போனில் திறக்காது. பட்டனில் வாட்ஸ்அப்பின் வெளிர்ப் பச்சை மேல் வெள்ளை எழுத்து வைக்காதீர்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும் என்பது பொது விதி, அந்தப் பச்சை அதில் பாதிகூட வராது. கரும்பச்சை வையுங்கள். மதியம் ஒரு மணி வெயிலில் எம்.சி. ரோட்டில் நின்று, திரை வெளிச்சத்தைக் குறைத்து, படிக்க முடிகிறதா என்று பாருங்கள்.

அப்புறம் கடைக்கு வருகிற யாரிடமாவது போனைக் கொடுத்து, மனசுக்குள் ஐந்து எண்ணிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். "இது என்ன கடை, எங்க இருக்கு?" என்று கேளுங்கள். மூன்று பேர் சரியாகச் சொன்னால் முதல் திரை முடிந்தது. எங்களுக்கு முதல் இரண்டு பேர் துணிக்கடை என்றார்கள், அதனால்தான் 'தையல்' என்ற சொல்லைத் தலைப்பில் முன்னுக்குக் கொண்டுவந்தேன்.

பின்சேர்க்கை: இதைப் படித்துச் செய்து பார்த்த சிலர் கேட்டவை.

ஐபோனில் எடுத்த படம் ஏறவில்லை என்றால் அது ஹெச்இஐசி வடிவமாக இருக்கும். கேமரா அமைப்பில் ஃபார்மட்ஸ் என்பதற்குள் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' வைத்துவிட்டு மறுபடி எடுங்கள்.

மாற்றம் செய்தும் பழைய பக்கமே தெரிகிறது என்றால் பக்கத்தின் நகலைச் சேமித்து வைக்கும் கேஷ் பிளகினில் கேஷைக் காலி செய்து, மறைநிலைச் சாளரத்தில் திறந்து பாருங்கள்.

ராயபுரத்தில் மீன் ஊறுகாய் விற்கும் ஒரு அண்ணன் கேட்டது எனக்கே தோன்றாதது. வாட்ஸ்அப்பில் சுட்டியை அனுப்பும்போது படம் வராமல் வெறும் முகவரி மட்டும் வருகிறது என்றார். யோசித்துப் பார்த்தால் நம் கடையை நிறையப் பேர் முதலில் பார்ப்பது அங்கேதான், வெப்சைட்டுக்கு வருவதற்கு முன்பே. கூகுள் தேடலுக்காகப் போடும் எஸ்சிஓ பிளகினில் சமூக வலைதளப் படம் என்று ஒரு இடம் இருக்கும், அதில் 1200-க்கு 630 அளவில், 300 கேபிக்குள் ஒரு படம் போடுங்கள். ஏற்கனவே அனுப்பிய சுட்டியில் மாறாது, புதிதாக அனுப்பிப் பாருங்கள். அப்போதும் வராவிட்டால் முகவரிக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறியும் ஏதாவது எண்ணும் சேர்த்து அனுப்பினால் வாட்ஸ்அப் அதைப் புதுச் சுட்டியாக எடுத்துக்கொள்ளும். அண்ணனுக்கு அப்படித்தான் வந்தது.