முட்டி வலிக்கு ஒரு துண்டும் ஒரு திண்ணையும்: நான் செய்யும் பயிற்சிகள்

போன ஆடிப்பெருக்குக்குத் திருவையாறு போனபோது, புஷ்ய மண்டபப் படித்துறையில் பாதி இறங்கியதும் வலது முட்டி பிடித்துக்கொண்டது. ஏறுவதைவிட இறங்குவதுதான் உயிர் போகும் வலி. மூட்டுத் தேய்மானம் என்றார் டாக்டர். வலிக்குப் பயந்து நடக்காமலே கிடந்ததில் முன்தொடைச் சதை மெலிந்து, அது தாங்க வேண்டிய பாரமும் மூட்டின் மேலேயே விழுந்திருக்கிறது.

நீங்களும் டாக்டரிடம் காட்டிய பிறகு தொடங்குங்கள். முட்டி சிவந்து, சூடாக வீங்கியிருந்தாலோ காய்ச்சல் இருந்தாலோ வேண்டாம்.

1. துண்டை அழுத்துவது

கோரைப்பாயில் சுவரோடு சாய்ந்து காலை நீட்டுங்கள். முட்டிக்கு அடியில் ஈரிழைத் துண்டைச் சுருட்டி வையுங்கள். டர்க்கி டவல் எனக்குப் பிடிக்காது, மெத்தென்று அமுங்கிவிடும். முட்டியின் பின்பக்கத்தால் துண்டை அழுத்தி 5 எண்ணி விடுங்கள். 10 தடவை.

இதையே இரண்டு மாதம் தப்பாகச் செய்தேன். தொடை சும்மா இருக்க, இடுப்பைத்தான் இறுக்கியிருக்கிறேன். பிசியோதெரபி சொல்லித்தந்த பெண் என் கையை எடுத்து முட்டிக்கு நாலு விரற்கடை மேலே வைத்த பிறகுதான் புரிந்தது. அழுத்தும்போது அந்த இடத்துச் சதை கல்லாக இறுக வேண்டும். முட்டிச் சில்லு லேசாகத் தொடைப்பக்கம் ஏற வேண்டும். பிடிபடவில்லையா? கால்விரல்களை முகத்தைப் பார்த்து இழுத்துக்கொண்டு அழுத்துங்கள். வாய்விட்டு எண்ணுங்கள், மூச்சு அடைபடாது.

2. காலைத் தூக்குவது

மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்குங்கள். மற்றதை மடக்காமல் ஒரு அடி தூக்கி, 5 எண்ணி, மெதுவாக இறக்குங்கள். 10 தடவை. அப்புறம் அதே துண்டைப் பாதத்தில் மாட்டி, கெண்டைக்கால் இழுபடும் அளவுக்கு 20 விநாடி இழுத்துப் பிடியுங்கள். வெடுக்கென்று இழுக்கக் கூடாது.

3. உட்கார்ந்து எழுவது

திண்ணைதான் இதற்குச் சரி. பிளாஸ்டிக் நாற்காலி நழுவும். திண்ணை தாழ்வாக இருந்தால் தலையணை போட்டுக்கொள்ளுங்கள். முடிந்தவரை கை ஊன்றாமல் 5 தடவை.

எத்தனை செய்யலாம்? வலியே இல்லாத நாளில்தான் கவனம் வேண்டும். ஒருநாள் முட்டி லேசாக இருக்கிறதே என்று திண்ணையில் 40 தடவை எழுந்து உட்கார்ந்தேன். மூன்று நாள் வாசல் தெளிக்கக்கூட முடியவில்லை. நல்ல நாளோ கெட்ட நாளோ, எண்ணிக்கை ஒன்றே. வலிக்குப் பத்துக்கு மதிப்பெண் போடுங்கள். செய்யும்போது 4 வரை இருந்து, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் சரி. வராவிட்டால் பாதியாகக் குறையுங்கள். தொந்தரவு இல்லாமல் ஒரு வாரம் போனால் இரண்டு கூட்டுங்கள்.

பின்சேர்க்கை: தரையில் உட்கார முடியாதவர்கள் கட்டிலில் செய்யலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். தாராளமாக. கயிற்றுக் கட்டில் மட்டும் வேண்டாம், தொய்ந்துபோய் அழுத்தம் நிற்காது. பலகைக் கட்டிலில் பாயை விரித்துச் செய்யுங்கள்.