ஏற்காட்டுக் குளிரில் பச்சிளம் குழந்தைக்கான போர்வைகள்

சேலத்தில் பிரசவம் முடிந்து, மார்கழியில் சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டு வீட்டுக்குக் குழந்தையைக் கொண்டுசெல்பவர்கள், கனமான கம்பளி ஒன்றை வாங்குவதைவிட மெல்லிய பருத்தித் துணிகள் பலவற்றைத் தயாராக வைத்துக்கொள்வதே நல்லது. கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஏற ஏறக் குளிர் கூடும்போது, ஒவ்வோர் அடுக்காகச் சேர்த்துக்கொள்ளலாம். பெரியவர்களுக்குத் தேவைப்படுவதைவிட ஓர் அடுக்கு கூடுதலாக இருந்தால் பொதுவாகப் போதும்.

துவைத்துத் துவைத்து மென்மையான பழைய பருத்தி வேட்டிக்கு இணையான துணி இல்லை என்றே சொல்வேன். ஆனால் ஓரத்தில் பிரிந்த நூல் குழந்தையின் விரலில் சுற்றிக்கொள்ளக்கூடும் என்பதால், அதை மடித்துத் தைத்துவிட வேண்டும். மூடுபனி நாட்களில், காய்ந்ததுபோல் தோன்றும் துணியின் மடிப்பிலும் ஈரம் தங்கியிருக்கும். இஸ்திரி போட்டு, சூடு ஆறிய பிறகே பயன்படுத்துங்கள்.

சுற்றும்போது மார்பருகே இரண்டு விரல் நுழையும் இடமும், இடுப்பும் கால்களும் மடங்கி விரியும் தளர்வும் இருக்க வேண்டும். முகத்தை ஒருபோதும் மூடக் கூடாது. குழந்தையை மல்லாந்து தூங்க வைத்து, தளர்ந்த போர்வையும் தலையணையும் அருகில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தை புரள முயலத் தொடங்கியதும் துணியில் சுற்றுவதை நிறுத்திவிட வேண்டும்.

கை கால் சில்லென்றிருப்பது இயல்பே; பிடரியையும் மார்பையும் தொட்டுப் பாருங்கள். பிடரி வியர்த்திருந்தால் ஓர் அடுக்கைக் குறையுங்கள். மார்பு குளிர்ந்திருந்தால், தாயின் வெற்று மார்போடு அணைத்து, இருவரையும் சேர்த்துப் போர்த்துங்கள். அதன் பிறகும் அக்குள் வெப்பம் 36.5 டிகிரி செல்சியஸை எட்டாவிட்டாலோ, குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.