அடியில் சுருண்ட நூல்: என் அனுபவம்

பழைய துணிகளைத் திருத்தித் தைத்துக் கொடுக்கும் என் மிதி இயந்திரத்தில், மேல்புறத் தையல் ஒழுங்காக இருக்க, அடிப்புறத்தில் மட்டும் நூல் கொத்துக் கொத்தாகச் சுருண்டதால் பல நாள் வேலை தேங்கியது. அடிநூல் சுற்றிய பாபினை மாற்றினேன், அது உட்காரும் பாபின் கேஸின் திருகை இறுக்கினேன், புது ஊசி போட்டேன், பயனில்லை. ரவிக்கைக்குக் காத்திருந்த பூக்கார அம்மா, "எங்கள் வீட்டில் சத்தம் அடுப்படியில் கேட்கும், காரணம் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்" என்றதும் இருவரும் வாய்விட்டுச் சிரித்தோம்; அந்தச் சொல்தான் என்னை மேலே பார்க்க வைத்தது. அடியில் சுருள்வது பெரும்பாலும் மேல்நூலின் தளர்வால்தான். மேல்நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு இடையே பஞ்சு அடைந்திருந்தது. துணியை அழுத்திப் பிடிக்கும் இயந்திரப் பாதம் இறங்கியிருக்கையில் தட்டுகள் இறுக மூடியிருப்பதால் பிரஷ் உள்ளே போகாது. பாதத்தைத் தூக்கிவிட்டு, மெல்லிய துணிக்கீற்றை இடையில் விட்டு இழுத்தபோதுதான் அழுக்கு உருண்டையாக வெளிவந்தது. பாபின் கேஸின் திருகையும் பழைய நிலைக்குத் தளர்த்திய பின் தையல் இருபுறமும் சீரானது.