நேயர்களை இழக்காமல் பாட்காஸ்டில் பணம் ஈட்டுவது எப்படி?

பாட்காஸ்டில் பணம் ஈட்ட நினைப்பவர் முதலில் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். தொகுப்பாளர் தம் குரலிலேயே வாசிக்கும் ஒரு நிமிட விளம்பரத்துக்கு அமெரிக்கச் சந்தையில் 1,000 பதிவிறக்கங்களுக்கு ஏறத்தாழ 20 முதல் 25 டாலர் வரை விலை பேசப்படுகிறது. மாதம் நான்கு எபிசோடுகள், ஒவ்வொன்றுக்கும் 500 பதிவிறக்கங்கள் என்று இயங்கும் ஒரு நிகழ்ச்சிக்கு அந்த விலையே கிடைத்தாலும் (தமிழில் கிடைக்காது என்பதே என் கணிப்பு) மாதம் 50 டாலரைத் தாண்டாது. தொகை போதவில்லை என்று ஒரு விளம்பரம் இருந்த இடத்தில் நான்கைச் செருகுவதுதான் பலரும் செய்யும் தவறு. சமையலறையிலும் பேருந்திலும் காதுக்குள் ஒருவர் தனியாகப் பேசுவதுபோல் கேட்டுப் பழகிய நேயர், அந்தப் பேச்சு கடைவீதிக் கூச்சலாக மாறியதும் புகார் எதுவும் சொல்லாமல் விலகிவிடுவார்.

ஆகவே சிறிய நிகழ்ச்சிகள் பதிவிறக்க எண்ணிக்கையை விற்காமல், தம் நேயர்கள் யார் என்பதை விற்பது நல்லது. வீட்டுத் தோட்டம் பற்றிப் பேசும் நிகழ்ச்சியின் 500 நேயர்களும் நாட்டு விதை விற்பவருக்கு வாடிக்கையாளர்களாகக் கூடியவர்கள். அவரிடம் ஒரு பருவத்துக்கு, அதாவது பத்து எபிசோடுகளுக்கு, ஒரே தொகையாகப் பேசி முடிக்கலாம். ஒரு பருவத்துக்கு ஒரே ஆதரவாளர் என்று வைத்துக்கொண்டால் அவர் பெயர் நேயரின் நினைவிலும் நிற்கும். 2014இல் வெளியான ‘சீரியல்’ என்ற அமெரிக்கப் பாட்காஸ்டின் தொடக்கத்தில் வந்த, மெயில்சிம்ப் என்ற மின்னஞ்சல் சேவை நிறுவனத்தின் விளம்பரத்தில் ஒரு குரல் அந்தப் பெயரை ‘மெயில்கிம்ப்’ என்று தவறாக உச்சரிக்க, அதுவே நேயர்களிடையே வேடிக்கைப் பேச்சாகப் பரவியது. வானொலி விளம்பரப் பாட்டுகளை மனப்பாடமாகப் பாடிய தலைமுறைக்கு இதில் வியப்பு இருக்காது.

விளம்பரத்தை ஒரு பேச்சு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் வைக்க வேண்டும். விருந்தினர் தம் இழப்பைப் பற்றிப் பேசி முடித்த கணத்தில் வைக்கவே கூடாது. ஒலி அளவும் முக்கியம். ஆப்பிள் பரிந்துரைக்கும் அளவு மைனஸ் 16 எல்.கே.எஃப்.எஸ். (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு). நிகழ்ச்சி அந்த அளவில் இருக்க, விளம்பரம் மட்டும் அதைவிட உரக்க ஒலித்தால், இயர்போன் அணிந்திருப்பவர் அதைத் தாக்குதலாகவே உணர்வார். தானாகச் செருகப்படும் விளம்பரங்களை ஏற்பவர்கள், கடன் செயலிகள், சூதாட்டம் போன்ற வகைகளை விலக்கும் அமைப்பை முதல் நாளே சரிபார்த்துவிட வேண்டும்.

பணம் பெற்றுக்கொண்டு பரிந்துரைத்தால் அதை அந்த இடத்திலேயே சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் இது நாகரிகம் மட்டுமன்று, சட்டமும் கூட. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்குத் துணைபோகும் பரிந்துரையாளருக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்க இடமுண்டு. தாம் பயன்படுத்திப் பார்க்காத பொருளைப் பற்றி ‘நான் தினமும் பயன்படுத்துகிறேன்’ என்று வாசிக்கச் சொல்லும் ஆதரவாளரை மறுத்துவிடுவதே நல்லது.

நேயர்களிடமே நேரடியாகக் கேட்பதில் வெட்கப்பட எதுவுமில்லை. ரோமன் மார்ஸ் நடத்தும் கட்டடக்கலை, வடிவமைப்பு நிகழ்ச்சியான ‘99% இன்விசிபிள்’, 2012இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற பொதுமக்களிடம் நிதி திரட்டும் இணையதளத்தின் வழியாக 1,70,000 டாலருக்கு மேல் திரட்டியது. கேட்கும்போது பணம் எதற்கென்று திட்டமாகச் சொல்ல வேண்டும்: ‘எங்களை ஆதரியுங்கள்’ என்பதைவிட, ‘ஒலித்தொகுப்பாளருக்கு ஓர் எபிசோடுக்கு 1,500 ரூபாய் தருகிறோம், அதற்காகக் கேட்கிறோம்’ என்பது கேட்பவருக்கு விளங்கும். ஒருமுறை தருபவர்களுக்கு யு.பி.ஐ. போதும். மாதச் சந்தாவுக்குப் பேட்ரியான், யூடியூப் உறுப்பினர் திட்டம் போன்றவை உள்ளன. ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் சந்தாவில், நிகழ்ச்சி நடத்துபவர் கட்டும் ஆண்டுக்கட்டணம் தவிர, ஒவ்வொரு சந்தாதாரரின் முதல் ஆண்டுத் தொகையில் 30 சதவீதமும் அதன் பிறகு 15 சதவீதமும் கழிக்கப்படும் என்பதை மனத்தில் வைத்து விலை குறிக்க வேண்டும்.

சந்தா தருபவருக்கு எதைத் தருவது என்பதில்தான் பெரும்பாலான மனக்கசப்புகள் தொடங்குகின்றன. இதுவரை இலவசமாக இருந்ததைப் பூட்டிவைக்க வேண்டாம். புதிதாக ஒன்றைச் சேர்த்து அதற்கு விலை வையுங்கள். நியூயார்க் டைம்ஸ் 2024இல் தன் பாட்காஸ்டுகளின் பழைய எபிசோடுகளைச் சந்தாதாரர்களுக்கு மட்டும் என்று ஆக்கியது. அத்தகைய பெரிய நிறுவனம் இழப்பைத் தாங்கும், ஐந்நூறு நேயர்கள் உள்ளவர் தாங்க மாட்டார். நேர்காணலின் வெட்டப்படாத முழுப் பதிவு, இரண்டு நாள் முன்னதாகக் கேட்கும் வசதி, விளம்பரமில்லாத பதிப்பு, மாதம் ஒரு கேள்வி-பதில் ஆகியவை போதுமானவை. இவற்றில் முழுப் பதிவுக்குக் கூடுதல் உழைப்பு மிகக் குறைவு. பதிவு ஏற்கெனவே உங்கள் கணினியில் இருக்கிறது.

புதிய ஏற்பாட்டைத் தொடங்கியதும் மூன்று எபிசோடுகள் வரை ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் கனெக்ட் தளத்தில் தெரியும் கேட்பு வரைபடத்தை (எபிசோடின் எந்தக் கட்டத்தில் எத்தனை பேர் கேட்டார்கள் என்று காட்டும் கோட்டை) பாருங்கள். விளம்பரம் தொடங்கும் நொடியில் கோடு சரிந்து உடனே மீண்டால் நேயர் அதைத் தாண்டிச் சென்றிருக்கிறார், அது இயல்பு. சரிந்தபின் மீளாவிட்டால் அடுத்த எபிசோடில் அந்த விளம்பரத்தைக் கடைசிப் பகுதிக்கு மாற்றி, நேரத்தை முப்பது நொடியாகக் குறைத்துப் பாருங்கள்.