லினக்ஸில் பயனர் கணக்குகளும் குழுக்களும்: அந்தச் சின்ன ‘ஏ’ எழுத்தை விட்டுவிடாதீர்கள்

ஒரு லினக்ஸ் கணினியில் இன்னொருவருக்கும் கணக்கு தொடங்க வேண்டும், அவரும் நீங்களும் ஒரே ஃபோல்டரில் வேலை செய்ய வேண்டும், வேலை முடிந்ததும் கணக்கை மூட வேண்டும். இதற்கு ஏழெட்டுக் கட்டளைகள் போதும். டெர்மினலைத் திறக்கவும் சூடோ போடவும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். உபுண்டு, டெபியன் இரண்டையும் மனதில் வைத்து எழுதியது. ஃபெடோரா, ரெட் ஹாட் பக்கம் மாறுகிற இடங்களை அங்கங்கே குறிப்பிடுகிறேன்.

கட்டளைகளை ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். அடிக்கும்போது ஆங்கிலத்தில், எல்லாம் சின்ன எழுத்தில் அடியுங்கள். பெரிய எழுத்து வர வேண்டிய இடங்களைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் அங்கேதான் ஆபத்தே இருக்கிறது. கயல் என்பது எடுத்துக்காட்டுப் பயனர் பெயர், திட்டம் என்பது எடுத்துக்காட்டுக் குழுப் பெயர்; அங்கே உங்களுடையதைப் போடுங்கள்.

முதலில் இருப்பதைப் பாருங்கள்

ஐடி கயல்
கெட்என்ட் பாஸ்வேர்டு கயல்

(பாஸ்வேர்டு என்று வருகிற கட்டளையிலும் கோப்புப் பெயரிலும் டபிள்யூவுக்கு அடுத்து நேராக டி. நடுவில் ஓ, ஆர் கிடையாது.)

இரண்டாவது கட்டளை ஒரே வரியைக் காட்டும். முக்காற்புள்ளியால் பிரிந்த ஏழு பகுதிகள்: பயனர் பெயர், ஒரு எக்ஸ், பயனர் எண், முதன்மைக் குழு எண், முழுப்பெயர், ஹோம் ஃபோல்டர், ஷெல் (கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்). அந்த எக்ஸ், கடவுச்சொல் இங்கே இல்லை, ஷேடோ என்கிற தனிக் கோப்பில் குறியாக்கப்பட்டு இருக்கிறது என்பதற்கான அடையாளம். ரூட்டின் (எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகக் கணக்கின்) எண் 0. 1000க்குக் கீழே இருப்பவை பெரும்பாலும் கணினியின் சேவைகளுக்கானவை, அவற்றைத் தொடாதீர்கள். மனிதர்களின் கணக்குகள் 1000இலிருந்து தொடங்கும். கர்னலுக்கு (லினக்ஸின் மையப் பகுதிக்கு) பெயர் எல்லாம் தெரியாது, எண் மட்டும்தான். கடைசியில் கணக்கை நீக்கும்போது இது முக்கியமாகும்.

கணக்கு தொடங்குதல்

சூடோ ஆட்யூசர் கயல்

கடவுச்சொல்லை இரண்டு முறை கேட்கும். பிறகு முழுப்பெயர், அறை எண் என்று கேட்பதற்கெல்லாம் என்டர் தட்டினால் போதும். ஹோம் ஃபோல்டர், அதே பெயரில் ஒரு குழு, பேஷ் ஷெல் எல்லாம் தயார்.

யூசர்ஆட் என்று இன்னொரு கட்டளையும் உண்டு. பெயர் திருப்பிப் போட்டதுபோல இருப்பதால் இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடுவார்கள். டெபியன் குடும்பத்தில் இரண்டும் வேறு. யூசர்ஆட் அடிமட்டக் கருவி, சொன்னதை மட்டும்தான் செய்யும். வெறுமனே பெயரை மட்டும் கொடுத்தால் ஹோம் ஃபோல்டர் உருவாகாது, ஷெல்லும் பேஷாக இருக்காது. உள்ளே நுழைந்தவருக்கு வெறும் டாலர் குறி மட்டும் தெரியும். மேல் அம்புக்குறியை அழுத்தினால் பழைய கட்டளைக்குப் பதிலாக விநோதக் குறிகள் வரும். அப்படி வந்தால் காரணம் இதுதான். ஃபெடோராவில் ஆட்யூசர் என்பதே யூசர்ஆடின் இன்னொரு பெயர், ஆகவே அங்கே கேள்வி எதுவும் கேட்காது. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடக்க வேண்டுமானால் முழுதாக எழுதுங்கள்:

சூடோ யூசர்ஆட் -எம் -எஸ் /பின்/பேஷ் கயல்
சூடோ பாஸ்வேர்டு கயல்

யூசர்ஆடில் -பி போட்டு அங்கேயே கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள். அது எதிர்பார்ப்பது குறியாக்கப்பட்ட வடிவத்தை. சாதாரணமாக எழுதினால் பிழை எதுவும் காட்டாமல் ஏற்றுக்கொள்ளும், ஆனால் அந்தக் கடவுச்சொல்லால் யாரும் உள்ளே வர முடியாது.

முதல் நுழைவிலேயே அவர் சொந்தக் கடவுச்சொல்லை வைத்துக்கொள்ளட்டும்:

சூடோ சேஜ் -டி 0 கயல்

சேஞ்ச் அல்ல, நடுவில் என் இல்லாத சேஜ். நுழைந்தவுடன் ‘இப்போதைய கடவுச்சொல்’ என்று மறுபடி கேட்கும். புதியதை அங்கே அடித்துவிட்டுக் குழம்புவார்கள். தற்காலிகமாக நீங்கள் கொடுத்ததைத்தான் அங்கே அடிக்க வேண்டும், புதியது அதற்குப் பிறகு. எஸ்எஸ்எச் வழியாக (வேறு கணினியிலிருந்து இணைந்து) மாற்றினால் மாற்றி முடித்ததும் இணைப்பு அறுந்துவிடும். அது பிழை அல்ல, மறுபடி நுழையச் சொல்லுங்கள்.

குழுவில் சேர்த்தல்

சூடோ குரூப்ஆட் திட்டம்
சூடோ யூசர்மாட் -ஏஜி திட்டம் கயல்

ஏ சின்ன எழுத்து, ஜி பெரிய எழுத்து. இந்த வரியில் நிதானமாக இருங்கள்.

பெரிய ஜிக்கு ‘இந்தக் குழுவில் சேர்’ என்று பொருள் அல்ல. ‘இவருடைய கூடுதல் குழுக்களின் முழுப் பட்டியல் இதுதான்’ என்று பொருள். பட்டியலில் இல்லாத எல்லாவற்றிலிருந்தும் அவரை எடுத்துவிடும். சின்ன ஏதான் ‘இருப்பதோடு சேர்’ என்று சொல்கிறது. அதை விட்டுவிட்டு உங்கள் கணக்குக்கே இந்தக் கட்டளையைக் கொடுத்தால் சூடோ குழுவிலிருந்து நீங்களே வெளியேறிவிடுவீர்கள். எச்சரிக்கை இல்லை, உறுதியா என்ற கேள்வி இல்லை. அடுத்த முறை நுழையும்போதுதான் தெரியும், அப்போது சரிசெய்யும் அதிகாரமும் கையில் இருக்காது.

நடந்துவிட்டால் முதல் விதி: அந்த டெர்மினலை மூடாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஷெல் பழைய குழுக்களோடுதான் இருக்கிறது, ஆகவே பெரும்பாலும் அங்கிருந்தே சரியான கட்டளையைக் கொடுத்து மீளலாம். மூடிவிட்டீர்கள் என்றால் கணினியை மறுதொடக்கம் செய்து, கிரப் மெனுவில் (கணினி தொடங்கும்போது வரும் தேர்வுப் பட்டியலில்) ரெக்கவரி மோடுக்குப் போய், ரூட் ஷெல்லில் இப்படி:

மவுன்ட் -ஓ ரீமவுன்ட்,ஆர்டபிள்யூ /
யூசர்மாட் -ஏஜி சூடோ உங்கள்பெயர்

முதல் வரி இல்லாமல் இரண்டாவதைக் கொடுத்தால், டிஸ்க் படிக்க மட்டும் திறந்திருக்கும் நிலையில் கோப்பை எழுத முடியவில்லை என்று மறுத்துவிடும்.

சின்ன ஜி இன்னொரு குழி. அது முதன்மைக் குழுவையே மாற்றும். ஹோம் ஃபோல்டருக்குள் பழைய முதன்மைக் குழுவின் பெயரில் இருந்த கோப்புகளும் புதிய குழுவுக்கு மாறிவிடும்.

இத்தனை ஆபத்து உள்ள கட்டளையை ஏன் பயன்படுத்த வேண்டும்? என் பரிந்துரை இது:

சூடோ ஜிபாஸ்வேர்டு -ஏ கயல் திட்டம்

ஒருவரை ஒரு குழுவில் சேர்க்கும், வேறெதையும் தொடாது. நீக்க -ஏக்குப் பதில் -டி. இங்கே பயனர் முதலில், குழு பிறகு. யூசர்மாடில் நேர் எதிர். வரிசை மாறினால் அப்படி ஒரு பயனர் இல்லை என்று சொல்லி நின்றுவிடும், சேதம் இல்லை.

சேர்த்தாயிற்று, ஆனால் அனுமதி மறுக்கிறதே?

‘ஐடி கயல்’ என்று கேட்டால் புதிய குழு தெரிகிறது. கயல் தன் டெர்மினலில் வெறும் ‘ஐடி’ என்று கேட்டால் தெரியவில்லை. இரண்டுமே சரி. பெயரோடு கேட்டால் கோப்பில் எழுதியிருப்பது வரும். பெயரில்லாமல் கேட்டால் இப்போது ஓடும் ஷெல்லின் நிலை வரும். குழுக்கள் உள்ளே நுழையும் கணத்தில் ஒட்டப்படுபவை. பிறகு கோப்பு மாறினாலும் ஓடுகிற நிரல்களுக்குத் தெரியாது. முழுவதும் வெளியேறி மீண்டும் நுழைய வேண்டும். அவசரத்துக்கு ‘நியூஜிஆர்பி திட்டம்’ என்று அடித்தால் அந்த ஒரு ஷெல்லுக்கு மட்டும் கிடைக்கும்.

பின்னர் சேர்த்தது: வெளியேறி நுழைந்தும் வரவில்லை என்றால் டீமக்ஸ் (ஒரே டெர்மினலில் பல ஜன்னல்களைத் திறந்து வைக்கும் நிரல்) ஓடுகிறதா என்று பாருங்கள். நீங்கள் வெளியேறினாலும் டீமக்ஸ் சர்வர் பின்னணியில் பழைய குழுக்களோடு இருக்கும், அதற்குள் திறக்கும் ஒவ்வொரு ஜன்னலும் அந்தப் பழைய நிலையையே வாங்கிக்கொள்ளும். ‘டீமக்ஸ் கில்-சர்வர்’ கொடுத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். உள்ளே ஓடும் வேலைகளை முதலில் முடித்துக்கொள்ளுங்கள்.

பகிர்ந்த ஃபோல்டர்

சூடோ எம்கேடிஐஆர் /எஸ்ஆர்வி/திட்டம்
சூடோ சிஎச்ஜிஆர்பி திட்டம் /எஸ்ஆர்வி/திட்டம்
சூடோ சிஎச்மாட் 2770 /எஸ்ஆர்வி/திட்டம்

முன்னால் நிற்கும் 2தான் உயிர். அது இருந்தால் உள்ளே உருவாகும் கோப்புகள் உருவாக்கியவரின் முதன்மைக் குழுவுக்குப் போகாமல் திட்டம் குழுவுக்கே சொந்தமாகும். ஆனால் இதோடு முடியவில்லை. யூமாஸ்க் (புதிய கோப்புகளில் எந்த அனுமதிகளைக் குறைப்பது என்ற அமைப்பு) 022 என்று இருந்தால் புதிய கோப்புகளைக் குழுவினர் படிக்கலாம், எழுத முடியாது. ஒவ்வொருவரையும் யூமாஸ்க் மாற்றச் சொல்வதைவிட ஃபோல்டரிலேயே விதி வைப்பது நல்லது:

சூடோ செட்எஃப்ஏசிஎல் -டி -எம் ஜி:திட்டம்:ஆர்டபிள்யூஎக்ஸ் /எஸ்ஆர்வி/திட்டம்

கட்டளை இல்லை என்றால் ஏசிஎல் என்ற தொகுப்பை நிறுவுங்கள். வேறிடத்திலிருந்து எம்வி போட்டு நகர்த்திய கோப்புகள் பழைய குழுவோடும் பழைய அனுமதியோடும்தான் வரும். இங்கே கொண்டுவர சிபி பயன்படுத்துங்கள்.

நிர்வாக அதிகாரம் தர வேண்டுமானால் உபுண்டு, டெபியனில் சூடோ குழு; ஃபெடோரா, ரெட் ஹாட், ஆர்ச்சில் வீல் குழு. டாக்கர் (நிரல்களைக் கன்டெய்னர் என்கிற தனித்தனி அறைகளில் ஓட்டும் கருவி) குழுவில் ஒருவரைச் சேர்ப்பதும் கிட்டத்தட்ட ரூட் அதிகாரம் கொடுப்பதுதான். கணினியின் முழு டிஸ்க்கையும் ஒரு கன்டெய்னருக்குள் இணைத்து அவரால் எதையும் மாற்ற முடியும். வசதிக்காகக் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்காதீர்கள்.

கணக்கைப் பூட்டுதல், நீக்குதல்

‘பாஸ்வேர்டு -எல்’ கடவுச்சொல்லை மட்டும்தான் பூட்டும். எஸ்எஸ்எச் சாவி வைத்திருப்பவர் அதற்குப் பிறகும் உள்ளே வரலாம். கதவை முழுதாக மூட:

சூடோ யூசர்மாட் -எல் -ஈ 1 கயல்
சூடோ லாகின்சிடிஎல் டெர்மினேட்-யூசர் கயல்

எல் பெரிய எழுத்து. சின்ன எல் போட்டால் பெயர் மாற்றும் கட்டளையாகிவிடும். ஈ 1 என்பது கணக்கின் காலாவதி நாளை 1970 ஜனவரி 2 என்று வைக்கிறது, ஆகவே சாவி இருந்தாலும் பயனில்லை. இரண்டாவது வரி ஏற்கெனவே உள்ளே இருப்பவரை வெளியேற்றும். பூட்டு மட்டும் போட்டால் திறந்திருக்கும் அமர்வுகள் அப்படியே இருக்கும்.

நீக்குவதற்கு:

சூடோ யூசர்டெல் -ஆர் கயல்

ஹோம் ஃபோல்டரும் அஞ்சல் பெட்டியும் சேர்ந்தே போகும், மீட்க வழியில்லை; முதலில் நகல் எடுங்கள். ஹோமுக்கு வெளியே இருக்கும் கோப்புகள் போகாது. பெயருக்குப் பதில் 1003 என்பது போன்ற வெறும் எண்ணோடு அநாதையாக நிற்கும். நாளை புதிதாக வருபவருக்கு அதே 1003 கிடைத்தால் பழையவரின் கோப்புகள் எல்லாம் சத்தமில்லாமல் அவருக்குச் சொந்தமாகிவிடும். அதனால் பூட்டி வைப்பதே எனக்கு விருப்பம்; எண் வேறு யாருக்கும் போகாது. நீக்கியே ஆக வேண்டும் என்றால் உடனே தேடுங்கள்:

சூடோ ஃபைண்ட் / -எக்ஸ்டெவ் -நோயூசர்

எக்ஸ்டெவ் இருப்பதால் அந்த ஒரு டிஸ்க் பிரிவில் மட்டும் தேடும். ஹோம், எஸ்ஆர்வி தனிப் பிரிவுகளாக இருந்தால் சாய்கோட்டுக்குப் பதில் அவற்றின் பாதையைக் கொடுத்து ஒவ்வொன்றாக ஓட்டுங்கள். கிடைத்தவற்றைச் சிஎச்ஓன் மூலம் உரியவரின் பெயருக்கு மாற்றிய பிறகே அடுத்த புதுக் கணக்கைத் தொடங்குங்கள்.